வழித்தெறிந்த சிப்ஸ்

அன்பு மகள் சிக்னேவுக்கு,

மருத்துவர் தந்த தாளில் அம்மாவுக்கு உப்பு கூடாதென்று எழுதியிருந்தது. ஆகவேதான், அவள் ஆசையாய்க் கேட்ட, டூனா மீன் சேர்த்துச் சுட்ட கேசரோலின்மேல் நீ நொறுக்கித் தூவிய உருளைக்கிழங்கு சிப்ஸை வழித்தெறிந்தேன்.

“அவங்களுக்கு இன்னும் எத்தனை நாளுப்பா இருக்கு? கேட்டதத் தின்னுட்டுப் போகட்டுமே!” என்று கத்திவிட்டு நீ காரேறிப் போனாய்.

அம்மா ஒரு கரண்டி உண்டு சிரித்தாள். “ஆர்விட், இது கேசரோலா, சட்டப் புத்தகமா?” பிறகு தட்டைத் தள்ளிவிட்டாள். அடுத்த வாரம் அவளை அடக்கம் செய்தோம்.

நீ அங்கே என்னோடு பேசாதது நியாயமே.

துக்க வீட்டுக்குச் செய்யும் வழக்கம்போல், தேவாலயப் பெண்கள் கேசரோல்களைக் கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். ஐந்தில் டூனா, ஐந்திலும் சிப்ஸ். நேற்று ஒன்றை உண்டேன். மிகவும் சுவையாக இருந்தது. அவளுக்கு அதை நான் கொடுத்திருக்க வேண்டும்.

ஞாயிறன்று சாப்பிட வருவாயா?

தவறை உணர்ந்த,
உன் அப்பா