ஒரு சுற்று முன்னதாக

சென்ற புதன்கிழமை காலை, பொன்னமராவதிக் கடைத்தெருவில் முடி வெட்டிக்கொண்டேன். செவ்வாயன்று போயிருப்பேன், அன்று சலூன் இராது. வேலை முடிந்ததும் கடைக்காரர் என் பிடரியில் பவுடரைத் தட்டினார். அந்த வாசனை எழுந்ததும் என் கண்கள் உன் உள்ளங்கைகளைத் தேடின. குச்சி வழுக்காமல் இருக்க, டிரம்ஸின் முன் அமருமுன் நீ கைகளில் தேய்த்துக்கொண்டதும் அதே பவுடர்தான்.

"டிரம்ஸ் வாசிக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்று நான் கேட்பேன்.

"ரெண்டுலயும் கை நடுங்கக் கூடாது மாப்ள" என்பாய்.

முதலில் ஒரு பிழையைத் திருத்திவிடுகிறேன். உன் மறைவையொட்டி வந்த செய்தியில், தீபாவளி முடிந்து நீ சென்னைக்குப் போனதாக எழுதியிருந்தார்கள். அது தவறு. நீ போனது புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை. உன் பெரிய டிரம்மைப் பேருந்தின் மேல் ஏற்ற நடத்துநர் மறுத்ததும், "உள்ள சாமி இருக்குண்ணே, கவுத்துடாம ஏத்துங்க" என்று அவரிடம் நீ சொன்னதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சனிக்கிழமை விரதத்தில் இருந்த அந்த மனிதர் தாமே ஏணியில் ஏறிக் கட்டிக் கொடுத்தார். பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய எனக்குத் தேதி பிசகினால் சோறு இறங்காது. அதனால்தானே எனக்குக் 'காலண்டர்' என்று பெயர் வைத்தாய்! நம் மெல்லிசைக் குழுவில் நான் குலுக்கிய மரக்காஸையும் நீ கடைசிவரை கிலுகிலுப்பை என்றே சொன்னாய். அதையும் பதிவு செய்கிறேன்.

அன்று பேருந்து நிலையத்துக்கு உன் மாமனாரும் வந்திருந்தார். கந்தர்வக்கோட்டையில் முந்திரி ஆலை வைத்திருந்தவர். மகளைக் கட்டிக்கொடுத்த கவலை அவருக்கு.

"பொங்கலுக்குள்ள நெலையா ஒரு வேலை அமையலன்னா மூட்டையக் கட்டிக்கிட்டு இங்கிட்டு வந்துருங்க மாப்பிள்ளை. கொட்டை ஒடைக்க ஆள் பத்தல. அதுவும் தட்டுற வேலைதான்."

நீ சிரித்தாய். ஆனால் பேருந்து நகரும்போது உன் முகத்தில் சிரிப்பு இல்லை.

மார்கழி கடைசி வாரம், அலுவலகக் கோப்பு ஒன்றுடன் நான் சென்னைக்கு வந்தேன். அதுவரை உனக்குக் கிடைத்தவை இரண்டு விளம்பரப் பாடல்களும் ஒரு கல்யாண வரவேற்புக் கச்சேரியும்தான். அன்று வழக்கமான டிரம்மருக்குக் காய்ச்சல் என்பதால் பெரிய இசையமைப்பாளரின் ஒலிப்பதிவுக்கு உன்னை அழைத்திருந்தார்கள். "நீயும் வா மாப்ள. தோத்தா கூட்டிக்கிட்டுப் போக ஆள் வேணும்ல" என்றாய். பொங்கலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அன்று தவறினால் உனக்கு முந்திரி ஆலைதான் என்பது நம் இருவருக்கும் தெரியும்.

இப்போதெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியே வாசித்துப் பின்னர் சேர்க்கிறார்களாம். அன்று அப்படியில்லை. வயலின் வரிசை, புல்லாங்குழல், கிடார், பாடகி, கண்ணாடிக் கூண்டுக்குள் நீ என எல்லோரும் ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தும் உரிமை இசையமைப்பாளருக்கு மட்டுமே. நான் ஒலிப்பதிவுப் பொறியாளரின் முதுகுக்குப் பின்னால், மூச்சுச் சத்தமும் கேட்காதபடி உட்கார்ந்திருந்தேன்.

பாடியவர் நாடே அறிந்த பாடகி. பல்லவி முடிந்தது. இடையிசை எட்டுத் தாளச் சுற்று; அது முடிந்த பிறகுதான் சரணம். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு முடிந்ததும் அம்மையார் சரணத்தைத் தொடங்கிவிட்டார்! வயலின்காரர்களின் வில்கள் ஒரு கணம் தடுமாறின. நீ மட்டும் தடுமாறவில்லை. அவருடைய முதல் சொல்லின் அடியிலேயே, சிறு டிரம்மிலிருந்து பெரிய டிரம்வரை குச்சிகளை ஒரே உருட்டாக உருட்டி, பித்தளைத் தட்டில் ஓங்கி அறைந்து, சரணத்தின் தாளத்துக்குத் திரும்பிவிட்டாய். கிடார்க்காரர் உன் பின்னால் வந்தார். அவர் பின்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். பாட்டு முழுதாக முடிந்தது.

ஒலிபெருக்கியில் இசையமைப்பாளரின் குரல் வந்தது.

"டிரம்ஸ். அந்த ரோல் நான் எழுதலையே?"

"இல்லைங்க சார்."

"ஒரு சுற்று எங்க போச்சு?"

உண்மையைச் சொன்னால் உன் இடம் பிழைக்கும் என்று நான் நினைத்தேன். நீ கண்ணாடிக்கு அப்பால் எழுந்து நின்றாய்.

"நான்தாங்க சார் முன்னாடியே திரும்பிட்டேன். என் தப்புங்க."

அம்மையார் கையிலிருந்த பாட்டுத்தாளைப் பார்த்தபடியே நின்றார். இசையமைப்பாளர் அவரை ஒரு முறையும் உன்னை ஒரு முறையும் பார்த்தார். அவர் காதுக்குத் தெரியாததா?

"தப்பு நல்லா இருக்கு. அப்படியே இருக்கட்டும். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்து இதே மாதிரி தப்புப் பண்ணுங்க."

சாலைக்கு வந்ததும் நான் கேட்டேன்: "ஏண்டா, மேல விழுந்து பழிய ஏத்துக்குற? வீட்டுக்கு அனுப்பியிருந்தா?"

"அனுப்பினா முந்திரி திங்கிறேன். அத்தன பேருக்கு முன்னால அந்தம்மாவ நிக்க வைக்கச் சொல்றியா காலண்டரு?"

அந்தப் பொங்கலுக்கு நீ மாமனார் வீட்டுக்கு வந்தது விருந்தாளியாக. அதன்பின் உன் கையை நாடாத இசையமைப்பாளர் உண்டா! வடக்கிலிருந்து வந்தவர்கள் உன்னைக் கேட்டு வாங்கினார்கள். கடல் கடந்த மேடைகளில் நீ பாடகர்களின் முதுகுக்குப் பின்னால் அமர்ந்தாய். ஒலிநாடா உறைகளில் உன் பெயர் இல்லை என்று நான் பொருமினால், "சத்தம் இருக்குல்ல?" என்பாய். ஊர்த் திருவிழாக் கச்சேரிகளில் அந்தப் பாட்டு வாசிக்கப்படும்போதெல்லாம், அந்த உருட்டல் வரும் இடத்துக்குக் கூட்டம் முன்கூட்டியே விசிலோடு காத்திருக்கும். ஒரு முறை மேடையேறி உன்னை அறிவிக்கப் புறப்பட்டேன். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாய். "அந்த ரோல் எப்புடி வந்துச்சும்பாங்க. அப்ப அந்தம்மா பேரு வரும். உக்காரு மாப்ள."

உன் மனைவியிடம்கூட நீ சொல்லவில்லை. நீ சொல்லாதது எனக்குத் தெரிந்தது உன் பதினாறாம் நாளன்றுதான். ஆவணி முதல் ஞாயிறு. வாசல் பந்தலருகே ஒரு கார் வந்து நின்றது. கைத்தாங்கலாக இறங்கியவர் அம்மையார்தாம். உன் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். பிறகு உன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, பந்தலில் இருந்த அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னார்:

"அன்னைக்கு முன்னாடி வந்தது நான்மா. இவர் தன் தப்புன்னு சொல்லிட்டார். அதுக்கப்புறம் எத்தனையோ ரெக்கார்டிங்ல ஒண்ணா இருந்தோம். ஒரு நாள்கூட அதை ஞாபகப்படுத்துற மாதிரி ஒரு பார்வை பார்த்ததில்லை. எனக்குத்தான் சொல்ல இவ்வளவு வருஷம் ஆயிருச்சு."

உன் மனைவி அழுகையினூடே என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது என் முதுகு நிமிர்ந்ததை, துக்க வீடு என்றும் பாராமல், நான் உணர்ந்தேன்.

இப்போது அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும் அந்த இடம் கடக்கும்வரை நான் நகருவதில்லை. முந்தாநாள் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் பல்லவி தொடங்கியது. புதுக்கோட்டை வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. நடத்துநர், "பெருசு, வாரீங்களா இல்லையா?" என்று கூவினார். நான் ஏழாவது சுற்றில் இருந்தேன். கையை மட்டும் உயர்த்திக் காட்டினேன். வண்டி போய்விட்டது. வாழ்நாளில் நான் தெரிந்தே தவறவிட்ட முதல் பேருந்து அது. மறுநாளும் அதே நேரத்துக்கு அங்கே போய் நின்றேன், பேருந்துக்காக அல்ல.