வாசற்படிக் கல்

என் கல் பைத்தியமே,

ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்திவிடாதீர்கள். காலடித் தடம் கிடைத்துவிட்டது! டைனோசர்கள் தலையெடுக்காத டிரையாசிக் காலத்து மிருகம், முதலைக்குத் தூரத்துச் சொந்தம். மனிதக் கை மாதிரி ஐந்து விரல், கட்டைவிரல் மட்டும் வெளிப்பக்கம். நீங்கள் வரைந்து காட்டுவீர்களே, அச்சு அசலாக அதேதான்!

எங்கே தெரியுமா? நம் வாசற்படியில்! குவாரியிலிருந்து நீங்களே கொண்டுவந்து, வழவழப்பான பக்கம் மேலே இருக்கட்டும் என்று பதித்தீர்களே, அந்த மணற்கல்தான். கொத்தனார் அதைப் புரட்டிப் போட்டதும், "அம்மா, யாரோ அடியிலேர்ந்து கை நீட்டுறாங்க!" என்று அலறிவிட்டார். தடத்துக்குள் மணல் நிரம்பி, இறுகிப் புடைத்து நிற்கிறது. மலை மலையாக ஏறித் தேடினீர்கள். அது தினமும் உங்கள் செருப்புக்கு அடியிலேயே இருந்திருக்கிறது!

படியை ஏன் பெயர்த்தாய் என்று கோபிக்காதீர்கள். வாசலைச் சரிவாகப் பூசியிருக்கிறோம். உங்கள் புதுச் சக்கர நாற்காலி முட்டாமல் உருண்டு வரும்.

"சுத்தி, உளியெல்லாம் யாருக்காவது குடுத்துடு" என்றீர்கள். கொடுக்கவில்லை. தடத்தை அளக்க டேப்பை எடுத்தவள், திரும்ப வைத்துவிட்டேன். அது உங்கள் வேலை. கல்லைத் தாழ்வான மேசைமேல் ஏற்றியாயிற்று. உட்கார்ந்தபடியே எட்டும்.

இப்படிக்கு,
வாசலிலேயே நிற்கும்
உங்கள் வீட்டுக்காரி