நிழற்குடைக்கு ஒரு சாவி

அன்புள்ள தம்பிக்கு,

சாலையைக் கடந்து, நீ தங்கியிருக்கும் பேருந்து நிழற்குடைக்கு நானே வந்தால் நீ எழுந்து போய்விடுவாய். அதனால்தான் நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சந்தோஷமான செய்திதான்!

இன்று இங்கே உன்னைப் பற்றித்தான் தெருக்கூட்டம். நீ மடித்துத் திருப்பிக் கொடுத்த ஏழு போர்வைகளும் மேசைமேல் இருந்தன. "எதைக் கொடுத்தாலும் வேணாங்கிறாரு. நிழற்குடையையே இடிச்சிடலாம்" என்றார் மருந்துக்கடைக்காரர். நீ என் தம்பி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சலூன்காரர்தான் எகிறிவிட்டார். "போர்வை, சாப்பாடுன்னு எல்லாத்தையும் நாமளே முடிவு பண்றோம். என்ன வேணும்னு அவரை ஒரு தடவையாவது கேட்டோமா?"

நேராக உன்னிடம் ஓடினார். மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "கக்கூஸ் சாவி வேணுமாம்!" என்றார்.

இத்தனை நாளும் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லையே! நூலகக் கழிவறைச் சாவி உனக்குத்தான் என்று அங்கேயே முடிவானது. முதலில் கை தூக்கியது யார் தெரியுமா? அதே மருந்துக்கடைக்காரர்!

சலூன்காரர் கொண்டுவரும் வளையத்தில் இரண்டு சாவிகள் இருக்கும். சின்னது கழிவறைக்கு. பெரியது எந்தக் கதவுக்கு என்று உனக்கே தெரியும். வா என்று சொல்லமாட்டேன். உன் அத்தான் எத்தனை முறை சொல்லியும் வீட்டு வாசல் பூட்டை நான் மாற்றவில்லை, அவ்வளவுதான்.

அக்கா