பிஸ்கட்டின் கால் கழுவிய தண்ணீர்

பிப்ரவரி 16, ஞாயிறு. புதுச்சேரி லாட்ஜ்.

காலையில் பூநாரைகளைப் படமெடுக்க மரக்காணம் உப்பளத்து ஓரம் காரை நிறுத்தினேன். கதவைத் திறந்ததுமே என் நாய் பிஸ்கட், உப்பு விளைந்து நின்ற பாத்திக்குள் குதித்துவிட்டது. நான் போட்ட கத்தலில் பறவைகள் அத்தனையும் எழும்பிப் போயின.

வரப்பில் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா கையைக் காட்டித் தடுத்தார்.

"கூப்பிடாதீங்க சார்! ஓடியாந்தா பாத்தி பூரா மிதிச்சு சேறாக்கிடும். அது அங்கியே நிக்கட்டும்."

பிஸ்கட் மிரண்டுபோய் நின்றது. அவர் அதன் கால் தடங்களின் மேலேயே அடிவைத்துப் போனார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு அதே தடங்களில் திரும்பினார். வேறு எங்கும் ஒரு அடிகூடப் பதியவில்லை. என்ன நடை அது! கேமரா என் கழுத்தில் சும்மா தொங்கியது.

"உப்பு புண்ணாக்கிடும் சார்" என்று தன் பாட்டிலைத் திறந்து நாலு காலையும் கழுவிவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அந்த வெயிலுக்கு அவர் வைத்திருந்த குடிதண்ணீர் அது என்று அனுமந்தை தாண்டித்தான் உறைத்தது. வண்டியைத் திருப்பியிருக்கலாம்.

பிஸ்கட் தூங்குகிறது. பின்சீட்டில் தண்ணீர் கேன் இன்னும் மூடி திறக்காமல் இருக்கிறது.