பாட்டுதான், ஓடாதீங்க

சாமி,

சட்டையை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசியாகிவிட்டது. அந்த வாடை போகவில்லை. கொடியில் தொங்குகிறது; பக்கத்தில் போனாலே மூக்கு எரிகிறது. அமோனியா. நீ இருந்திருந்தால் இந்நேரம் போன் போட்டு என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். நீ போய் நாலு மாசம் ஆகிறது. நீ இருக்கும்போது வாயைத் திறக்காத கோழை, இப்போது காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரெல்லாம் உன்னை 'நீங்க' என்றது. நானும் முதல் வருஷம் அப்படித்தான் கூப்பிட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, எனக்கு இன்னாத்துக்கு மரியாத" என்று நீதான் அதை நிறுத்தினாய். திருவள்ளூர் பெருமாள் கோயில் மடப்பள்ளிக்காரர் வாயில் 'இன்னாத்துக்கு' வருகிறதே என்று எனக்குச் சிரிப்பு. வீட்டுக்குள் ஒரு பாஷை, பஸ் ஸ்டாண்டில் ஒரு பாஷை என்று வளர்ந்தவன் நீ.

நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்காலையில் காந்தக் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். உலைக்குப் போகிற பழைய இரும்போடு ஒரு தகரப் பெட்டி வந்தது. உள்ளே அரக்கில் செய்த கறுப்பு இசைத்தட்டுகள், நூற்றுக்குக் குறையாது. பாதிக்கு மேல் லேபிள் இல்லை. உலையில் போட மனசு வராமல் ஓரமாக வைத்திருந்தேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மந்திரம் சொல்ல உன்னை அழைத்து வந்தார்கள். பூஜை முடிந்ததும் தட்சணைத் தட்டைத் தள்ளிவிட்டு அந்தப் பெட்டியைக் கேட்டாய். உன் மாமா வீட்டில் கைப்பிடி சுற்றுகிற கிராமபோன் ஒன்று இருந்ததாம். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, பட்டை வேட்டியோடு நீ பஸ் ஏறினதை ஆலையே வேடிக்கை பார்த்தது.

அந்தத் தட்டுகளில்தான் நீ ஜாஸைக் கண்டுபிடித்தாய். நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு துறைமுக ஊரில் கறுப்பு மனிதர்கள் ஊதினது, தட்டினது, அழுதது, கூத்தடித்தது. பிறகு மூர் மார்க்கெட், பழைய பேப்பர் கடை என்று அலைந்து இன்னும் சேர்த்தாய். அந்தக் காலத்து நாடகப் பாட்டு, கிளப் பாட்டு எல்லாம் சேர்ந்தன. எங்கள் ஆலைப் பக்கத்துக் கல்லூரி வளாகத்தில் சமுதாய வானொலி ஆரம்பித்தபோது வியாழக்கிழமை மூணு மணி உன் மணியானது. ஆலையை மூடிவிட, நான் நடுத்தெருவில் நின்றபோது, ஒலிப்பதிவு அறைக்கு ஆள் வேண்டும் என்று என்னை உள்ளே தள்ளியதும் நீதான்.

உன் நிகழ்ச்சியைக் கேட்ட சனம் எப்படிப்பட்டது தெரியுமா, சாமி? நீ போன பிறகுதான் எனக்கே முழுசாகத் தெரிந்தது. இறால் உரிக்கிற பெண்கள், லாரி செட்டுக்காரர்கள், டீக்கடைகள், ஒரியாக்காரப் பையன்கள் தங்கியிருக்கிற லைன் வீடுகள். யாருக்கும் பாட்டின் பெயர் தெரியாது. உனக்கே பாதிக்குத் தெரியாது. "அந்த வாத்து கத்துற பாட்டு போடு சாமி" என்பார்கள். இன்னொருத்தி "கொழந்த சிணுங்குமே, அது" என்பாள். டிரம்பெட்டின் வாயில் கிண்ணத்தை வைத்து மூடி மூடித் திறந்து ஊதினால் அப்படித்தான் சிணுங்கும் என்று நீ சொல்லிக் கொடுப்பாய். தட்டு ஓடும்போது கண்ணை மூடிக்கொள்வாய். நடுவில் மைக்கைத் திறந்து, "இவன் மூச்சு விட மறந்துட்டான் பாருங்க" என்று ஒரு வார்த்தை போடுவாய். அவ்வளவுதான், டீக்கடை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

நமக்கு இருந்தது ஒரே ஒரு சட்டம். பழைய இரும்போடு வந்த தட்டில் என்ன இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாது. அதனால் ஒவ்வொரு தட்டையும் கடைசி கோடு வரை நான் கேட்க வேண்டும். கேட்டு, நோட்டில் எண் போட்டுக் கையெழுத்து வைக்க வேண்டும். "முழுசா கேக்காம ஏத்தாத" என்று வாரா வாரம் சொல்வாய். நானும் வாரா வாரம் தலையாட்டுவேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் கிரிக்கெட் இருந்தது. காரணம் அவ்வளவு கேவலமானது, சாமி. தட்டு பாதி ஓடியதும் முள்ளைத் தூக்கி வைத்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு, செல்போனில் மேட்ச் பார்க்கப் போய்விட்டேன்.

மூணே காலுக்கு அந்தத் தட்டு ஓடியது. நல்ல துள்ளல். நீ மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாய். பாதி தாண்டியதும் சைரன் எழும்பியது. அந்தக் காலத்து வாத்தியக்காரர்கள் வேடிக்கைக்காகக் கையால் சுற்றுகிற சைரனைப் பாட்டுக்குள் வைப்பார்கள் என்று பிறகு நீதான் சொன்னாய். முதலில் நீ சிரித்தாய். அடுத்த நொடி உன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். வளாகத்தை ஒட்டி இருக்கிற இறால் கம்பெனியின் ஐஸ் பிளான்ட்டில் அமோனியா கசிந்தால் ஊதுகிற சைரன் அதே மாதிரிதான் எழும்பும். இந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் தெரியும்.

சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் என் விரலுக்குக் கீழே இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நீ எழுந்து, என் கையைத் தள்ளிவிட்டு, சத்தத்தை இறக்கி, மைக்கில் கத்தினாய்: "சைரன் இல்ல, பாட்டுதான், ஓடாதீங்க. பாட்டுதான்."

அதற்குள் ஓடிவிட்டார்கள். கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற காலனியே ரோட்டுக்கு வந்துவிட்டது. இறால் உரிக்கிற தனம்மா மூடியில்லாத கால்வாயில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அவள் சாய்ந்துதான் நடக்கிறாள்.

வானொலிக் கமிட்டி கூடியது. நோட்டில் என் கையெழுத்து. நீ நிதானமாக, "அவன் கேட்டது வேறு தட்டு, கடைசி நேரத்தில் நான்தான் மாற்றி வைத்தேன்" என்றாய். லேபிள் இல்லாத தட்டு. இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? உன் வியாழக்கிழமை மணியைப் பிடுங்கினார்கள். வெளியே வந்து நான் அழுததற்கு நீ சொன்னது இவ்வளவுதான்: "எனக்குப் பெருமாள் சோறு போடுவாரு. உனக்கு ஊட்ல ரெண்டு பொண்ணு. வாய மூடிக்கினு இரு."

மூடிக்கொண்டேன். இரண்டு வருஷம் மூடிக்கொண்டே இருந்தேன். மணவாள நகரில் உன் வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தபோது, யாரோ ஒருவர், "ரேடியோல சைரன் வுட்டு ஊரையே ஓட வெச்சாரே, அந்த சாமி" என்று அடையாளம் சொன்னார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அப்போதுகூட வாய் வரவில்லை. ஜீரணிக்க முடியாத வெட்கம் அது, சாமி.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். காலை பதினோரு மணி. நெல் விலை வாசித்துக்கொண்டிருந்த பெண் தண்ணீர் குடிக்க எழுந்தாள். சைரன் ஊதியது; மைக் திறந்திருந்ததால் வானொலியிலும் அது கேட்டது. ஜன்னல் இடுக்கு வழியாக அந்த வாடை வந்தது. கம்பெனி காவலாளி போனில் கத்தினார்: வால்வு பிய்த்துக்கொண்டது, காலனியைக் காலி பண்ணச் சொல்லுங்க, தீயணைப்பு வண்டி வருகிறது. இதற்கென்று எழுதி ஒட்டியிருந்த அறிவிப்பை நான் அப்படியே மைக்கில் வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன்.

போன் அடித்தது. காலனி முனையில் இருக்கிற டீக்கடைக்காரர். பின்னால் ஆட்கள் சிரிக்கிற சத்தம். "இன்னா நைனா, சாமி தட்டு இன்னும் கீதா உங்கிட்ட?" என்றார். யாராவது வெளியே வந்தார்களா என்று கேட்டேன். எவனும் அசையவில்லை, பாட்டுதானே என்று படுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அவரே வெளியில் நின்று வாடை வருகிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

அப்போது வந்த பயத்தை என்னால் எழுத முடியவில்லை. உன் மேல் நான் ஏற்றிய பொய் இரண்டு வருஷமாக ஊருக்குள் சிரிப்பாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது காலனி முழுக்க, குழந்தை குட்டிகளோடு, அந்தச் சிரிப்பை நம்பி வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அறிவிப்புக் காகிதத்தைத் தள்ளிவிட்டு மைக்கைத் திறந்தேன்.

என்ன பேசினேன் என்று ஒழுங்காக ஞாபகமில்லை. பதிவில் கேட்டுத்தான் எழுதுகிறேன். "அன்னிக்கி சாமி மேல தப்பு இல்ல. தட்ட பாதி கேட்டுட்டு முழுசா கேட்டேன்னு கையெழுத்து போட்டவன் நான். என் வேலைய காப்பாத்த அவர் பழி ஏத்துக்கினார். நான் வாய மூடிக்கினு இருந்தேன். இப்ப ஊதுறது தட்டு இல்ல. எனக்கே வாடை வருது, கண்ணு எரியுது. ஈரத்துணிய மூக்குல கட்டிக்கினு கெளம்புங்க. காத்து போற பக்கம் ஓடாதீங்க, குறுக்க ரயில் கேட்டுக்குப் போங்க. என்ன நம்ப வேணாம். ஜன்னலத் தொறந்து பாருங்க." இதையே திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். நடுவில் அழுதிருக்கிறேன் போலிருக்கிறது.

கிளம்பினார்கள், சாமி. வாடை காலனிக்குள் இறங்கும்போது கடைசி வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. நாலைந்து பேருக்குக் கண் எரிச்சல், ஒரு பெரியவருக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியிலிருந்து எல்லோரும் நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். தண்ணீரைப் பீய்ச்சி வால்வை அடைத்தார்கள்.

கமிட்டிச் செயலாளர் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார். வேலை போனாலும் போகும். பெரிய மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் சோற்றைப் போட்டு, சாப்பிடு என்றாள்.

இன்று மத்தியானம் தனம்மா நிலையத்துக்கு வந்தாள். படியேற முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திட்டப்போகிறாள் என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். முட்டியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. காலனியில் முதலில் வெளியே வந்தது தான்தான் என்றாள். இந்தக் காலோடு நானே போகிறேன், உங்களுக்கு என்ன கேடு என்று கத்திக் கத்தி வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறாள். அவளைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நகர்ந்திருக்கிறார்கள்.

மறுபடியும் ஏமாறுகிறோமோ என்று தோன்றவில்லையா என்று கேட்டேன்.

"மொதல்ல நீ பேப்பர் படிச்சப்ப நான் எந்திரிக்கல," என்றாள். "அப்பறம் உன் கொரலு நடுங்குச்சி. பொய் சொல்றவன் அப்படி நடுங்கமாட்டான்னு கெளம்பிட்டேன்."

அவள் படியிறங்கிப் போகும்வரை நின்றிருந்தேன். பிறகு உட்கார்ந்து இரண்டு கையையும் மேசைமேல் வைத்துப் பார்த்தேன். இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன், சாமி.