இரவல் மூக்குக்கண்ணாடி

இந்தக் கண்ணாடித் தகட்டில் இருப்பது நீதானா? எனக்கு விடை தெரியவில்லை. ஈப்போவில் படம் பிடிப்பவர், கடையை வேறு தெருவுக்கு மாற்றும்போது, உன் படத்தின் இந்த நெகட்டிவைக் கொண்டுவந்து கொடுத்தார். தகட்டில் உன் கறுத்த முகம் வெளுத்தும், வெள்ளைச் சேலை கறுத்தும் தெரிகின்றன. படம் கழுவிய மருந்தின் வாடை இன்னும் போகவில்லை.

படம் எடுத்த அன்று லகாட் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து என் வீட்டுக்கு நடந்தே வந்திருந்தாய். பால்மரம் வெட்டி ரப்பர் பால் இறக்கும் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தாய். ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் படம் அனுப்ப வேண்டும், என் சேலையும் மூக்குக்கண்ணாடியும் இரவல் வேண்டும் என்றாய். தோட்டத்து ஆண்கள், கடையில் தொங்கும் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். உனக்கு மட்டும் இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அசையாதீங்க அக்கா, நேரா பாருங்க" என்றார் படக்காரர்.

"எதையண்ணே பாக்குறது? இதப் போட்டா ஒங்களையே காணோம் லா!"

பார்வை தெரியாமல் நீ விறைத்து உட்கார்ந்திருந்ததைப் படம் கம்பீரமாகக் காட்டியது.

உன் அம்மாவின் பதிலை நான்தான் படித்துச் சொன்னேன். மகள் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஆகிவிட்டாள் என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாய். பிறகு, "இல்லேன்னு எழுதிடாதீங்க டீச்சரம்மா" என்றாய்.

அதன்பின் வெற்றிலையை விட்டாய். முதுகை நிமிர்த்தி நடந்தாய். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணும்போது, "வாத்தியாரம்மா வாராங்க, வழி விடுங்கடி!" என்று பெண்கள் கேலி செய்ததை நீயே நடித்துக் காட்டினாய். ஆனால், தம்பி கல்யாணத்துக்கு அம்மா கூப்பிட்டபோது போக மறுத்தாய். "அங்க போய் எறங்குனா இந்தக் கையப் பாப்பாங்கல்ல?"

"ஒரு படத்துக்காக அம்மாவைப் பார்க்காமல் இருப்பாயா?" என்று கடிந்துகொண்டேன். மதராஸில் பட்டம் வாங்கிய அன்று எடுத்த என் படம் சுவரில் இருந்தது. "அந்தக் கறுப்பு அங்கி இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டாய். ஒருநாள் வாடகைக்கு எடுத்தது என்றேன்.

கருவிகளைக் குறை சொல்வது என் வழக்கமில்லை. ஆனால் முன்பெல்லாம், கடல் தாண்டி வந்தவரின் முகம் வீட்டாரின் நினைவில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். திரும்பி வருகிறவர் எப்படி இருந்தாலும் அதில் இடமிருந்தது. உன் படம் மங்காமல் அங்கே உட்கார்ந்திருந்தது. நீதான் அதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருந்தது.

மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய். செய்தியை மட்டும் ஊருக்கு எழுதினேன். உன் அம்மாவின் பதிலில் ஒரே கேள்விதான் இருந்தது: "என் மகளிடம் படித்த பிள்ளைகள் அழுதார்களா?"

உண்மையைச் சொன்னால் அந்தத் தாயின் பெருமை போய்விடும். சொல்லாவிட்டால் உன்னை அவர் கடைசிவரை அறியவே மாட்டார். நீ கேட்டுக்கொண்டதும் மறக்கவில்லை. அதை மீறிய பாரம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் காலை எழுதினேன்: "உங்கள் மகளிடம் பிள்ளைகள் யாரும் படிக்கவில்லை. அவள் பால்மரம் வெட்டினாள். அவள் இறந்த அன்று, தோட்டத்து லயத்தில் அவளோடு குடியிருந்த பெண்கள் ஒருவர்கூட வேலைக்குப் போகவில்லை. கங்காணி வந்து கத்தியும் அவளைச் சுற்றியே உட்கார்ந்திருந்தார்கள்."

மதியம் தபாலாபீசுக்கு நடந்துபோய்ப் பெட்டியில் போட்டேன்.