தடையில்லை என்று சொல்ல வந்தவன்

1936, ஐப்பசி 9. எடப்புளி நாடு.

காகித வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

பினாங்கு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் என் மகள் பொன்னி, அங்கேயே ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறாள். அவளுக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகவில்லை, எந்தத் தடையும் இல்லை என்று தகப்பன் சத்தியம் செய்து, சாட்சியோடு எழுதி அனுப்ப வேண்டுமாம்.

சாட்சிக்கு என் தங்கச்சி மகன் வெள்ளையனைக் கூட்டிக்கொண்டு மலையிலிருந்து சேந்தமங்கலம் சர்க்கார் கச்சேரிக்கு இறங்கினேன். எங்கள் மலையில் அத்தை மகன் விட்டுக்கொடுத்தால்தான் பெண்ணை வெளியே கொடுக்க முடியும். வேறு யாரைக் கூட்டிப்போவது?

"பொண்ணுக்கு நீ என்ன வேணும்?" என்று அவனைக் கேட்டார் குமாஸ்தா.

"முறை மாப்பிள்ளைங்க."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யோவ், தடையையே சாட்சியாக் கூட்டியாந்திருக்கியே!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெள்ளையன் அசரவில்லை. "அதுக்குத்தானுங்க வந்தேன். தடை இல்லீன்னு நாந்தானுங்க சொல்லோணும். எழுதிக்குங்க."

குமாஸ்தா மறுபடியும் பேனாவை எடுத்து எழுதினார். அவனே கட்டை விரலை மையில் தோய்த்து அழுத்தினான். என் தங்கச்சி பெற்ற பிள்ளை! அங்கே அவனளவுக்கு நிமிர்ந்து நின்றவர் யாருமில்லை.

மலை ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அவரு நல்லவருங்களா மாமா?"

"நல்லவர்னுதான் எழுதியிருக்கா, சாமி."

பினாங்கு ஆபீசில் அதை வெறும் கைநாட்டு என்றுதான் பார்ப்பார்கள். அது யார் விரல் என்று பொன்னிக்குத் தெரியும்.